ஞாயிற்றுக்கிழமை ஏலம் சனிக்கிழமை கணக்கில் விழுவது ஏன்?

கேள்வி இது. காசிமேட்டில் மீன் ஏலக் கமிஷன் கடை ஒன்றுக்கு ஒரு தம்பி பில் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பைத்தானில் எழுதியது, டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல். டேட்டாபேஸிலிருந்து வரும் நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டி பில்லில் அச்சடித்தார். நேரம் சரியாக வந்தது. ஆனால் தினசரி மொத்தத்தில் மட்டும் ஞாயிறு ஏலம் சனிக்கிழமையில் போய் விழுந்தது, மாதம் முழுக்க முதலாளியிடம் திட்டு. மீன்பிடித் தடைக்காலத்தில் சர்வரை மாற்றியிருக்கிறார்கள். படகுகள் மறுபடி கடலுக்குப் போன பிறகு பார்த்தால் எல்லாம் தலைகீழ்: மொத்தம் சரியாக வருகிறது, பில்லில் நேரம் ஐந்தரை மணி முன்னே ஓடுகிறது. "எங்கே கூட்டுவது, எங்கே கழிப்பது அண்ணா?" என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டும் ஒரே கோளாறுதான். முன்பு ஒரு பக்கம் தெரிந்தது, இப்போது மறுபக்கம் தெரிகிறது. நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி "எங்கே கூட்டுவது" என்பதற்கு முன்னால் இருக்கிறது: அந்த ஃபீல்டில் இருக்கும் நேரம் யாருடைய கடிகாரம்? இது தெரியாமல் கூட்டினால் இன்று சரியாக வரும், அடுத்த சர்வர் மாற்றத்தில் திரும்பவும் கவிழும். (காலம் என்று எழுதினால் நேரமா, டேபிளில் பத்தியைக் குறிக்கும் ஆங்கிலக் "காலமா" என்று குழம்பும். அதனால் ஃபீல்டு என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.)

ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 14, ஞாயிறு, விடியற்காலை 3 மணி 10 நிமிடம். ஒரு கூடை வஞ்சிரம் ஏலம் முடிந்து பில் போடுகிறீர்கள். பழைய சர்வரின் கடிகாரம் யூடிசியில், அதாவது கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது. நம் நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணி முன்னால் என்பதால் ஃபீல்டில் பதிவானது 2024-07-13 21:40:00. தேதியைப் பாருங்கள், 13. அதாவது சனிக்கிழமை. பில் அச்சடிக்கும்போது பைத்தானில் ஐந்தரை கூட்டினீர்கள், 14ஆம் தேதி 3:10 ஆகிவிட்டது, சரி. ஆனால் தினசரி மொத்தத்தை எஸ்க்யூஎல்லிலேயே (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) தேதியைப் பிரித்து குரூப் செய்திருக்கிறீர்கள். அந்த இடத்துக்கு உங்கள் ஐந்தரை போய்ச் சேரவே இல்லை. டேட்டாபேஸ் தனக்குத் தெரிந்த 13ஆம் தேதியிலேயே வஞ்சிரத்தைச் சேர்த்துவிட்டது.

தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு இதே ப்ரோகிராமைக் கொடுத்திருந்தால் பத்து வருடம் ஓடியிருந்தாலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். காலை 10 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் கடைக்கு யூடிசியில் 4:30 முதல் 16:30 வரை. தேதி மாறுவதே இல்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5:30 வரைக்கும்தான் இரண்டு கடிகாரமும் வேறு வேறு தேதியைக் காட்டும். காசிமேட்டுக்கு அந்த ஐந்தரை மணி நேரம்தான் முழு வியாபாரமே. விடிந்து வெயில் ஏறும்போது நல்ல மீனெல்லாம் போய்விட்டிருக்கும். கோளாறு எங்கே ஒளிந்திருக்கிறதோ அங்கேயே கடையை விரித்திருக்கிறீர்கள்.

இப்போது சர்வர் மாறியதும் என்ன ஆனது? புது சர்வரின் கடிகாரத்தை யாரோ நல்லெண்ணத்தில் இந்திய நேரத்துக்கு வைத்திருக்கிறார்கள். மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு டைம்ஜோன், அதாவது எந்த ஊர்க் கடிகாரம் என்ற அமைப்பு, வைத்துக்கொள்ளும். நாம் எதுவும் சொல்லாவிட்டால் சர்வருடையதையே எடுத்துக்கொள்ளும். ஆகவே டேட்டாபேஸே இப்போது 3:10 என்று கொடுக்கிறது. மொத்தம் தானாகச் சரியாகிவிட்டது. உங்கள் பைத்தான் மட்டும் பழைய வழக்கத்தில் இன்னொரு ஐந்தரையைக் கூட்டி 8:40 என்று அச்சடிக்கிறது.

அடுத்த கட்டத்தில்தான் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் நேரத்தை வைக்க இரண்டு வகை உண்டு: டைம்ஸ்டாம்ப், டேட்டைம். பார்க்க இரட்டையர் மாதிரி இருக்கும், குணம் வேறு. டைம்ஸ்டாம்ப் வகை, உள்ளே போகும்போது கனெக்‌ஷனின் டைம்ஜோனிலிருந்து யூடிசிக்கு மாற்றி வைக்கும். வெளியே வரும்போது திரும்ப மாற்றிக் கொடுக்கும். டேட்டைம் எதையும் மாற்றாது. 3:10 என்று எழுதினால் 3:10 என்றே கிடக்கும், அது லண்டன் 3:10-ஆ ராயபுரம் 3:10-ஆ என்று அதற்குக் கவலை இல்லை.

உங்கள் ஃபீல்டு எந்த வகை என்பதை டேபிளின் அமைப்பைப் பார்த்தாலே தெரியும். எனக்கு இங்கிருந்து தெரியாது, ஆனால் ஒரு சோதனை சொல்கிறேன். மார்ச் மாதத்து பழைய பில் ஒன்றை இப்போது திரும்ப அச்சடித்துப் பாருங்கள். அதிலும் நேரம் ஐந்தரை மணி கூடுதலாக வந்தால் ஃபீல்டு டைம்ஸ்டாம்ப். நிம்மதியாக ஒரு டீ குடிக்கலாம், உள்ளே இருக்கும் தகவல் எதுவும் கெடவில்லை, காட்டும் இடத்தைச் சரிசெய்தால் போதும். பழைய பில் சரியாக வந்து, புது பில் மட்டும் தப்பாக வந்தால் ஃபீல்டு டேட்டைம். அப்படியானால் பழைய வரிகளெல்லாம் யூடிசியிலும் புது வரிகளெல்லாம் இந்திய நேரத்திலும் ஒரே டேபிளில் கலந்து கிடக்கின்றன. இது வேறு வேலை, கீழே வருகிறேன்.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: நேரத்தை எழுதுவது யார்? டேட்டாபேஸின் "நவ்" ஃபங்க்‌ஷனா, பைத்தானின் "நவ்"-ஆ, கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரா? மூன்றும் மூன்று கடிகாரம். உப்புக் காற்றில் கிடக்கும் கடைக் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்துப்போனால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அதை நம்பி பில் போடக்கூடாது. நான் எப்போதும் சர்வரில், ஒரே இடத்தில், யூடிசியில் எழுத வைப்பேன். மைஎஸ்க்யூஎல்லில் அதற்கென்றே யூடிசி டைம்ஸ்டாம்ப் என்று ஒரு ஃபங்க்‌ஷன் இருக்கிறது. கனெக்‌ஷனின் டைம்ஜோன் எதுவாக இருந்தாலும் அது யூடிசியையே கொடுக்கும்.

கலந்து கிடக்கிறதா என்று கண்டுபிடிக்க உங்கள் தொழிலே ஒரு வழி கொடுத்திருக்கிறது. பில்களை மணி வாரியாக எண்ணிப் பாருங்கள், வாரத்துக்கு ஒரு வரிசையாக. காசிமேட்டு ஏலம் விடியலுக்கு முன்னால்தான் சூடு பிடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாரத்து பில்கள் 2 முதல் 6 மணிக்குள் குவிந்திருந்தால் அவை இந்திய நேரம். இரவு 20 மணியிலிருந்து நள்ளிரவு தாண்டி 0 வரை குவிந்திருந்தால் யூடிசி. காலை 8 முதல் 11 வரை குவிந்திருந்தால் யாரோ இரண்டு தடவை கூட்டியிருக்கிறார்கள். குவியல் எந்த வாரத்தில் இடம் மாறுகிறதோ அந்த வாரத்தில்தான் சர்வர் மாறியது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. அந்த நாட்களில் ஃபைபர் படகு மீன் மட்டும் கொஞ்சம் இருக்கும். பில் குறைந்த நேரத்தில் சர்வரை மாற்றியதால்தான் ஒரு மாதம் யாருக்கும் தெரியாமல் போனது. ஆனாலும் அந்தக் கொஞ்ச பில்லை வைத்தே, எத்தனையாவது பில்லில் நேரம் எகிறுகிறது என்று பிடித்துவிடலாம். பில் எண் ஏறுவரிசையில்தானே போகிறது, முந்தின பில்களின் வழக்கமான மணியைவிட நேரம் திடீரென்று ஐந்தரை மணி குதித்திருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

சரி, இனி எங்கே மாற்றுவது? என் பழக்கம் இது. டேட்டாபேஸில் யூடிசி. கனெக்‌ஷன் திறந்ததும் முதல் வேலையாக அதன் டைம்ஜோனை +00:00 என்று நாமே சொல்லிவிடுவது, சர்வரின் தயவில் விடுவதில்லை. பைத்தானுக்கு வந்ததும் "இது யூடிசி" என்று முத்திரை குத்துவது. மனிதர் கண்ணுக்குப் போகும் கடைசி வாசலில், அதாவது பில் அச்சடிக்கும் இடத்திலும் ரிப்போர்ட் காட்டும் இடத்திலும், ஒரே ஃபங்க்‌ஷன் வழியாக இந்திய நேரத்துக்கு மாற்றுவது. உங்கள் கோடில் 330 அல்லது 5.5 அல்லது 19800 (அதே ஐந்தரை, நிமிடத்தில், மணியில், வினாடியில்) என்று தேடிப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் அகப்பட்டால் வியாதி அங்கேதான்.

முத்திரை குத்துவதும் மாற்றுவதும் வேறு வேறு என்பதைப் பைத்தானில் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது குழப்பிக்கொள்வார்கள். மைஎஸ்க்யூஎல் டிரைவர்கள் கொடுப்பது டைம்ஜோன் ஒட்டாத வெறும் நேரம். அதில் "ரிப்ளேஸ்" மூலம் டைம்ஜோனைக் கொடுத்தால் முள் அசையாது, டப்பாவின் மேல் சீட்டு மட்டும் ஒட்டப்படும். "ஆஸ் டைம்ஜோன்" கொடுத்தால் முள் திரும்பும். வரிசை முக்கியம்: முதலில் யூடிசி சீட்டு, அப்புறம் கொல்கத்தாவுக்குத் திருப்புவது (டைம்ஜோன் பட்டியலில் இந்திய நேரத்துக்கு அந்த ஊர்ப் பெயர்தான்). சீட்டு ஒட்டாத நேரத்தை நேரடியாகத் திருப்பினால், பைத்தான் அதை அந்த மெஷினின் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் லேப்டாப்பில் ஒரு விடை, சர்வரில் ஒரு விடை. "யூடிசி நவ்" என்ற பழைய ஃபங்க்‌ஷனும் இதே மாதிரி சீட்டில்லாமல்தான் நேரத்தைக் கொடுக்கும். அதனால்தான் பைத்தான் 3.12-இல் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். டைம்ஜோனுக்கு 3.9 முதல் கூடவே வரும் ஜோன்இன்ஃபோ போதும். விண்டோஸில் ஓட்டினால் டைம்ஜோன் பட்டியலைக் கொண்டுவரும் டிஇசட்டேட்டா பேக்கேஜையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய கோடுகளில் பைடிஇசட் என்ற லைப்ரரி இருக்கும். அதில் ஏஷியா கொல்கத்தா டைம்ஜோனை நேரடியாகச் சீட்டு ஒட்டப் பயன்படுத்தினால், ஐந்தரைக்குப் பதில் 5 மணி 53 நிமிட வித்தியாசம் வரும். முதல் தடவை பார்த்தபோது நான் அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். காரணம் சுவாரசியமானது. உலகம் முழுக்கப் பயன்படும் டைம்ஜோன் பட்டியலில் ஒவ்வொரு ஊருக்கும் பழைய வரலாறு முழுக்க எழுதியிருக்கிறார்கள். அந்த லைப்ரரி பட்டியலின் முதல் வரியை, அதாவது கொல்கத்தாவின் பழைய சூரிய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அதே பட்டியலில் கொஞ்சம் கீழே போனால் நம் ஊரும் இருக்கிறது: 1870 முதல் 1906 தொடக்கம் வரை 5 மணி 21 நிமிடம் 10 வினாடி, மெட்ராஸ் நேரம். நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடத்தை வைத்துக் கணக்கிட்ட நேரம் அது, ரயில்கள் அதன்படிதான் ஓடின. 1856-இல் முதல் ரயிலை அனுப்பிய ராயபுரம் ஸ்டேஷன் உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம். 1906 ஜனவரி 1-இல்தான் இந்த ஐந்தரை வந்தது. நடுவில் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாடே ஆறரையில் ஓடியது.

இதனால் உங்கள் பில்லுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. ஒளிவில்லாமல் சொன்னால், இந்தியாவுக்குள் மட்டும் ஓடும் ப்ரோகிராமுக்கு நிலையான ஐந்தரையே போதும். 1945-க்குப் பிறகு அது அசையவே இல்லை. ஆனாலும் ஊர்ப் பெயரை எழுதச் சொல்கிறேன், ஏனென்றால் 330 என்ற எண்ணைப் பார்த்தால் அடுத்து வருகிறவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியாது. மைஎஸ்க்யூஎல்லுக்குள்ளேயே மாற்ற வேண்டுமானால் கன்வர்ட் டிஇசட் ஃபங்க்‌ஷன் உண்டு. அதில் ஊர்ப் பெயர் கொடுத்து, டைம்ஜோன் டேபிள்களை ஏற்றாமல் விட்டிருந்தால் எரர் எதுவும் வராது, பேசாமல் "நல்" என்ற வெற்று மதிப்பைக் கொடுத்துவிடும். ரிப்போர்ட் முழுக்க வெறுமையாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள். +00:00, +05:30 என்று எண்ணாகக் கொடுத்தால் அந்த டேபிள்கள் தேவையில்லை.

தினசரி மொத்தத்துக்கு வருவோம். ஃபீல்டின் மேல் மாற்றும் ஃபங்க்‌ஷனைப் போட்டு, அதிலிருந்து தேதியைப் பிரித்து, அதை 14-உடன் ஒப்பிடுவது ஒரு வழி. விடை சரியாக வரும். ஆனால் வரிகளைச் சட்டென்று தேடி எடுக்க டேட்டாபேஸ் வைத்திருக்கும் இன்டெக்ஸ் பயன்படாது. ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்யும். ஐந்நூறு பில்லுக்குத் தெரியாது, ஐந்து வருடம் போனால் தெரியும். ஃபீல்டைத் தொடாமல் எல்லைகளை மாற்றிக் கொடுங்கள். ஞாயிறு 14 என்பது யூடிசியில் 2024-07-13 18:30:00 முதல் 2024-07-14 18:30:00 வரை. முதல் எல்லைக்குச் சமமாகவோ பெரியதாகவோ, இரண்டாம் எல்லைக்குச் சிறியதாக. இரண்டாவது எல்லையில் சமக்குறி கூடாது. "பிட்வீன்" போட்டு 23:59:59 என்று முடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் கடைசி வினாடியின் பின்னங்களில் விழும் பில் எங்கேயும் சேராது. சிலர் கெட்டிக்காரத்தனமாக 23:59:59.999 என்று போடுவார்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸின் பழைய டேட்டைம் வகை வினாடியில் முந்நூறில் ஒரு பங்கு வரைக்கும்தான் கணக்கு வைக்கும், அந்த .999-ஐ அடுத்த நாள் 0 மணி என்று முழுமையாக்கிவிடும். அப்போது அடுத்த நாள் நள்ளிரவு பில்லும் உள்ளே வந்துவிடும்.

ஆனால் தம்பி, இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் முதலாளி திட்டலாம். சனி இரவு 11 மணிக்கு ஐஸ் வாங்குகிறார், படகுக்காரருக்கு முன்பணம் கொடுக்கிறார். அவர் மனதில் அது ஞாயிறு ஏலத்தின் செலவு. காலண்டர்படி அது சனி. அவர் சொல்வதில் தவறே இல்லை. பஞ்சாங்கத்தைக் கேட்டால் விடியற்காலை 3 மணி ஏலமே சனிக்கிழமைதான் என்று சொல்லும், ஏனென்றால் அங்கே நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். (ஐந்தரை மணி என்பது பதின்மூன்றே முக்கால் நாழிகை. பழைய சர்வர் காலை 5:30-க்குத் தேதி மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தால், ஏறக்குறைய அது பஞ்சாங்கப்படி ஓடியிருக்கிறது.) எனவே எந்த நாள் என்பதைக் கடிகாரம் முடிவு செய்யாது, கடைக்காரர்தான் முடிவு செய்வார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: உங்கள் கணக்கு நாள் எப்போது மாறுகிறது? மதியம் 12 என்று சொன்னால், இந்திய நேரத்தோடு 12 மணி நேரம் கூட்டி வரும் தேதிதான் கணக்கு நாள். சனி இரவு 11 ஞாயிறு ஆகிவிடும், ஞாயிறு 3:10 ஞாயிறாகவே இருக்கும், ஞாயிறு மதியம் ஒரு மணி திங்களுக்குப் போகும்.

அதை ஒவ்வொரு தடவையும் கணக்கிடாமல், பில் போடும்போதே கணக்கு நாள் என்று தனி ஃபீல்டில், வெறும் தேதி வகையில் எழுதி வைத்துவிடுங்கள். ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இவை ஒரே தகவல் கிடையாது. ஒன்று நடந்த நொடி. இன்னொன்று எந்த நோட்டில் எழுத வேண்டும் என்ற முதலாளியின் முடிவு. நாளைக்கு அவர் 12 மணியை 2 மணி ஆக்கினால் பழைய கணக்கு கலையக்கூடாது பாருங்கள்.

வெறும் தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது. படகின் இன்ஷூரன்ஸ் முடியும் நாள், லைசென்ஸ் முடியும் நாள், வேலைக்காரரின் பிறந்த தேதி, இதற்கெல்லாம் டைம்ஜோன் கிடையாது. இவற்றைக் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். நாளைக்கு இந்த ப்ரோகிராமுக்கு ஒரு வெப் ஸ்கிரீன் போட்டால் ஜாவாஸ்கிரிப்ட்டில் இங்கேதான் அடி விழும். அதில் டேட் என்பது எப்போதும் ஒரு நொடியைக் குறிக்கும், வெறும் தேதி என்பது அந்த டேட்டுக்குத் தெரியாது. மார்ச் 31 என்பது இந்திய நேர நள்ளிரவாக உள்ளே போய், சர்வருக்கு அனுப்ப, யூடிசியில் எழுதும் ஐஎஸ்ஓ வடிவுக்கு மாற்றியதும் மார்ச் 30, 18:30 ஆகிவிடும். யாரோ முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்துச் சேமிப்பார்கள். இன்ஷூரன்ஸ் ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிடும். அடுத்த தடவை திறந்து சேமித்தால் இன்னொரு நாளும் போகலாம். தேதியை எழுத்தாகவே கொண்டுபோய் எழுத்தாகவே கொண்டுவருவதுதான் நல்லது.

மாதம் கூட்டுவது தனிக் கதை, தவணைக் கணக்கு வைத்தால் தேவைப்படும். 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மைஎஸ்க்யூஎல் பிப்ரவரி 28 என்னும். எஸ்க்யூலைட் டேட்டாபேஸும் ஜாவாஸ்கிரிப்ட்டும் மார்ச் 3-க்குத் தாண்டிவிடும். அந்த பிப்ரவரி 28-உடன் இன்னொரு மாதம் கூட்டினால் மைஎஸ்க்யூஎல்லில் மார்ச் 28, ஆரக்கிள் டேட்டாபேஸின் ஆட் மந்த்ஸ் ஃபங்ஷனில் மார்ச் 31. தவணையை முந்தின தவணையிலிருந்து கணக்கிட்டால் 31 என்று ஆரம்பித்தவர் வருடம் முழுக்க 28-இல் மாட்டிக்கொள்வார். எப்போதும் முதல் தேதியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று மாதம் என்று கூட்டுங்கள். இந்தத் தேதிகளை டைம்ஸ்டாம்ப் வகையில் வைக்கவும் வேண்டாம்; மைஎஸ்க்யூஎல்லில் அது 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு மேல் போகாது. பதினைந்து வருடக் கடன் இப்போதே அதைத் தாண்டும்.

இனி, கலந்து கிடக்கும் டேபிளைச் சரிசெய்வது. இங்கே என் சொந்த அசட்டுத்தனத்தைச் சொன்னால்தான் புரியும். பல வருடத்துக்கு முன்னால் மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டுக்கு வேலை பார்த்தேன். ட்ரெய்லர்கள் இரவெல்லாம் ரோட்டில் வரிசை கட்டி நின்று, விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத்தான் கேட்டுக்குள் வரும். உள்ளே வந்த நாளிலிருந்து இத்தனை நாள் இலவசம், அதற்கு மேல் வாடகை. நான் யூடிசியில் இருந்த தேதியை அப்படியே நாள் கணக்குக்கு எடுத்துவிட்டேன். நாலு மணிக்கு வந்த பெட்டிக்கெல்லாம் ஒரு நாள் முன்னாலேயே வாடகை ஓட ஆரம்பித்தது. ஒரு க்ளியரிங் ஏஜென்ட் கேட் சீட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டு, "என் பெட்டி ரோட்டில் நின்ன நேரத்துக்கு எனக்கே வாடகையா சார்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

அதைத் திருத்தியதுதான் இன்னும் பெரிய கூத்து. எல்லா வரிக்கும் ஐந்தரை மணி கூட்டு என்று ஒரே ஒரு அப்டேட் எழுதி ஓட்டினேன். ஸ்கிரீன் நின்றுபோனது. ஓடவில்லை என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். இரண்டும் ஓடியிருந்தது. இப்போது எல்லாம் பதினொரு மணி நேரம் தள்ளிப்போய், இடையில் புதிதாக வந்த பெட்டிகளுக்கு மட்டும் ஒரு தடவை கூட்டியதாக, எது எப்படி என்றே சொல்ல முடியாத நிலை. கடைசியில் காப்பாற்றியது கேட்டில் வாட்ச்மேன் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருந்த ரிஜிஸ்டர். மூன்று நாள் அதைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

அதனால் இருக்கும் ஃபீல்டைத் தொடாதீர்கள். பேக்கப் எடுத்துவிட்டு, பக்கத்தில் புது ஃபீல்டு ஒன்று போடுங்கள். சர்வர் மாறிய பில் எண்ணுக்கு முன்னால் இருப்பவற்றுக்குப் பழைய மதிப்பை அப்படியே புதிதில் எழுதுங்கள், அதற்குப் பின்னால் இருப்பவற்றுக்குப் பழைய மதிப்பிலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து எழுதுங்கள். இப்போது அந்தக் கட்டளையைப் பத்து தடவை ஓட்டினாலும் விடை மாறாது, ஏனென்றால் படிப்பது ஒரு ஃபீல்டு, எழுதுவது வேறு ஃபீல்டு. மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகளில் இன்னொரு பொறி உண்டு: டேபிளில் முதலில் வரும் டைம்ஸ்டாம்ப் ஃபீல்டு, நீங்கள் கேட்காமலேயே, வரியில் வேறு எதை மாற்றினாலும் தன்னை அந்த நொடிக்குப் புதுப்பித்துக்கொள்ளும்படி உருவாகியிருக்கும். திருத்தம் ஓட்டும் முன் டேபிள் அமைப்பில் "ஆன் அப்டேட்" என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் அந்த ஃபீல்டை அதே பழைய மதிப்புக்கே வைக்கும்படி கட்டளையிலேயே சேர்த்து எழுத வேண்டும். திருத்திய பிறகு மணி வாரிக் கணக்கை மறுபடி எடுங்கள். குவியல் எல்லா வாரத்திலும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கடையில் பழைய துண்டுச் சீட்டுகள் கிடந்தால் பத்து எடுத்து ஒப்பிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நேர விஷயத்தில் எனக்கு அதுதான் பிடிக்கும், ஆனால் அதற்கும் அதன் குறும்பு உண்டு. டைம்ஜோனுடன் கூடிய டைம்ஸ்டாம்ப் என்று பெயர் வைத்திருப்பார்கள், உள்ளே டைம்ஜோன் எதுவும் இருக்காது. யூடிசிக்கு மாற்றி நொடியை மட்டும் வைத்துக்கொள்ளும். "அட் டைம்ஜோன்" என்ற கட்டளை, கொடுக்கும் வகையைப் பொறுத்து இரண்டு திசையிலும் வேலை செய்யும். டைம்ஜோன் உள்ள வகைக்குக் கொல்கத்தா என்று கொடுத்தால் 21:40, 3:10 ஆகும். டைம்ஜோன் இல்லாத வகையில் 21:40 கிடந்து, அதற்குக் கொல்கத்தா என்று கொடுத்தால், அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டு 16:10 யூடிசிக்குக் கொண்டுபோகும். அங்கே முதலில் யூடிசி, பிறகு கொல்கத்தா என்று இரண்டு தடவை போட வேண்டும். கொல்கத்தாவுக்குப் பதில், இந்திய நேரம் என்ற நினைப்பில் ஐஎஸ்டி என்று சுருக்கி எழுதினால், இயல்பான அமைப்பில் போஸ்ட்கிரெஸ் அதை இஸ்ரேல் நேரம் என்று புரிந்துகொண்டு 23:40 கொடுக்கும். யூடிசி+5:30 என்று எழுதினால் இன்னும் வேடிக்கை: பழைய யூனிக்ஸ் வழக்கப்படி கூட்டல் குறிக்கு கிரீன்விச்சுக்கு மேற்கே என்று அர்த்தம், ஐந்தரையைக் கழித்துவிடும். ஊர்ப் பெயரை முழுசாக எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதனைக்கு நான்கு பில் போட்டுப் பாருங்கள்: இரவு 11:59, நள்ளிரவு 12:01, காலை 5:29, 5:31. பில்லில் நேரம், காலண்டர் தேதி, கணக்கு நாள் மூன்றும் நான்கிலும் நீங்கள் எதிர்பார்த்தபடி வர வேண்டும். அப்புறம் சர்வரின் டைம்ஜோனை வேண்டுமென்றே டோக்கியோவுக்கு மாற்றி, மைஎஸ்க்யூஎல்லை மூடித் திறந்து, அதே நான்கையும் மறுபடி அச்சடியுங்கள். ஒரு நிமிடம்கூட அசையக்கூடாது. அசைந்தால் கோடில் எங்கேயோ இன்னொரு 330 ஒளிந்திருக்கிறது, அது கிடைக்கும் வரை முதலாளியிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.